பெட்டியில் 40 கி.மீ.! ஓடியதோ 19 கி.மீ.! எலெக்ட்ரிக் சைக்கிளுக்கு ஓர் எக்செல் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செலைத் திறந்து, கட்டங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுவதுண்டு. "நமக்கு எதற்கு இது, கடை கணக்கா எழுதப் போகிறோம்?" என்பார்கள். நானும் வீட்டில் அதைத் திறந்ததில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருபத்திரண்டு கிலோ சைக்கிளை ஏரிக்கரையில் மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வரும் வரை.

எனக்கு வேலை சென்னையில், வீடு திருத்தணியில். சனி, ஞாயிறுகளில் மண்பாதைகளில் சுற்ற ஓர் எலெக்ட்ரிக் மவுண்டன் சைக்கிள் வாங்கினேன். 250 வாட் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி. (250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டிருந்தால் லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம்.) பெட்டியில் 40 கி.மீ. என்று போட்டிருந்தது. பத்தொன்பதாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டது. அதுவரை டிஸ்ப்ளேயில் இரண்டு கோடு இருந்தது!

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். விலை குறைந்த டிஸ்ப்ளேக்கள் பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்துத்தான் கோடு காட்டுகின்றன. மேடு ஏறும்போது மோட்டார் அதிகக் கரண்ட் இழுப்பதால் வோல்டேஜ் இறங்கும், சமதரையில் மீண்டும் ஏறும். ஆகவே சமதரையில் தெரியும் இரண்டு கோட்டை நம்பி மேட்டில் ஏறக்கூடாது.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் அப்பா, "கழனிக்கு இதுலயே நான் தனியா போய்ட்டு வந்துடறேன்டா" என்றார். பஸ் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. போக எட்டு, வர எட்டு. தார் ரோட்டில் லாரிகள் அதிகம் என்பதால் மண்பாதையில்தான் போவேன் என்கிறார். முழங்கால் வலிக்காரர். வழியில் சார்ஜ் தீர்ந்தால் அவரால் தள்ள முடியாது. சரி என்று சொல்லுமுன் கணக்குப் போட்டாக வேண்டும்.

முதலில் பாதையின் ஏற்றம். கூகுள் எர்த் ப்ரோ இலவசம்தான், டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். ஆட் மெனுவில் பாத் என்பதைக் கிளிக் செய்து, உங்கள் வழியை வரிசையாகக் கிளிக் செய்து கோடாக வரைந்து ஓகே கொடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் அதன் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, ஷோ எலிவேஷன் புரொஃபைல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கீழே ஒரு வரைபடம் வரும். அதில் கெயின், லாஸ் என்று இரண்டு எண்கள். பலரும் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அது தவறு. போகும்போது இறங்கியதைத் திரும்பும்போது ஏற வேண்டாமா? எங்கள் வழியில் 90, 60. ஆக ஏற்றம் 150 மீட்டர்.

இனி எக்செல் (இல்லாதவர்கள் இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்). ஏ வரிசையில் பெயர்களையும் பி வரிசையில் எண்களையும் டைப் செய்யுங்கள். பி என்பது ஆங்கில எழுத்து, கீபோர்டில் அதைத்தான் அடிக்க வேண்டும். பி1ல் வோல்ட் 36, பி2ல் ஆம்பியர் ஹவர் 7.5. பி3ல் =பி1*பி2 என்று அடித்து என்டர் தட்டினால் 270 வரும். கம்ப்யூட்டரில் பெருக்கல் குறி நட்சத்திரம்தான். இந்த 270 வாட் ஹவர்தான் உங்கள் பேட்டரியின் முழுக் கொள்ளளவு. முழுவதையும் செலவழிக்கக் கூடாது என்பதால் பி4ல் =பி3*0.8. வருவது 216.

பி5ல் மொத்த எடை. அப்பா 62, சைக்கிள் 22, தண்ணீர் கேன், பை 6, ஆக 90. பி6ல் ஏற்றம் 150. பி7ல் =பி5*9.8*பி6/3600/0.7. பள்ளியில் படித்த நிலை ஆற்றல்தான் இது. 3600ஆல் வகுப்பது ஜூலை வாட் ஹவராக்க. 0.7 என்பது மோட்டாரின் திறன் எழுபது சதவீதம் என்ற என் கணிப்பு. விடை 52.5. அப்பாவின் கால் பலத்தை இதில் சேர்க்கவில்லை, அது நம் கையிருப்பு.

பி8ல் தூரம் 16. பி9ல் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு. இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், நீங்களேதான் அளக்க வேண்டும். ஃபுல் சார்ஜில் கிளம்பி மேடில்லாத பாதையில் பத்து கி.மீ. ஓட்டுங்கள். பேட்டரி சூடு ஆறியதும், பிளக்கில் மாட்டும் யூனிட் மீட்டர் வழியே மீண்டும் ஃபுல் சார்ஜ் செய்யுங்கள். (கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் சார்ஜரைச் செருகாதீர்கள்.) தார் ரோட்டில் எனக்கு 0.07 யூனிட், அதாவது கி.மீ.க்கு 7 வாட் ஹவர். மண்பாதையில் 11! பி10ல் =பி8*பி9+பி7 என்று அடித்தேன். தார் ரோட்டுக்கு 164.5. அப்பா கேட்ட மண்பாதைக்கு 228.5. நம்மிடம் இருப்பதோ 216.

பெரிய பேட்டரி வாங்கினால் தீராதா என்று கேட்பீர்கள். எடையும் விலையும் கூடும். ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2020ல் டர்போ லீவோ எஸ்எல் சைக்கிளை வேறு வழியில் செய்தது. 2021ல் வந்த அதன் பெரிய லீவோவில் 700 வாட் ஹவர் பேட்டரி, எஸ்எல்லில் வெறும் 320. மோட்டாரும் சிறிது, 240 வாட். விலை உயர்ந்த மாடலின் எடை 17 கிலோவை ஒட்டி வந்தது. எடை குறைந்தால் சமதரையில் மோட்டாரை அணைத்துவிட்டு மிதிக்கலாம், பேட்டரியை மேட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் விலை நமக்கு ஆகாது. யோசனையை எடுத்துக்கொள்ளலாமே?

ஏரிக்கரை மேல் நான்கு கி.மீ. துளிகூட மேடில்லை. "அங்க மட்டும் மோட்டாரை ஆஃப் பண்ணி மிதிக்க முடியுமாப்பா?" என்று கேட்டேன். "நெல்லு மூட்டை வெச்சு ஹெர்குலிஸ் மிதிச்சவன்டா" என்றார். பி8ல் 12 என்று மாற்றினேன். 184.5. போகலாம்! முதல் நாள் அவர் திரும்பி வந்து சார்ஜ் போட்டபோது மீட்டர் காட்டியது 0.17 யூனிட்.

போன வாரம், பதினைந்து கிலோ வேர்க்கடலை ஏற்றி வரலாமா என்றார். பாதி வழிக்குத்தான் அந்தப் பாரம் என்றாலும், பத்திரத்துக்கு முழு வழிக்கும் சேர்த்தேன். எடை 105, மண்பாதைச் செலவும் கூடும் என்பதால் பி9ல் 13. வந்தது 217.25. பாதியை மறுநாள் எடுத்து வரச் சொன்னேன். ஒரு வாட் ஹவருக்காகவா என்று இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.