மூன்றில் எது வேலை செய்யவில்லை?

கேள்வி: என்னிடம் 1996 மாடல் மாருதி 800 இருக்கிறது. சிக்னலில் நின்றால் வண்டி முழுக்க உதறுகிறது. மழை நாளில் இன்னும் மோசம். கார்புரேட்டரை மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் வண்டியின் 796 சிசி எஞ்சினில் மூன்றே சிலிண்டர்கள். ஒன்று மிஸ் ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும், உதறல் அதனால்தான். மழையில் அதிகமாகிறது என்பதே பெரிய துப்பு. ஈரத்தில் மின்சாரம் வழிமாறிக் கசியும். எனவே என் சந்தேகம் முதலில் பிளக் ஒயர்கள் மீதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மீதும்தான்.

இரவில், இருட்டான இடத்தில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, எதையும் தொடாமல் பாருங்கள். ஒயரிலிருந்து நீலப் பொறி தெறித்தால் குற்றவாளி சிக்கிவிட்டது. தெறிக்கவில்லையா? எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளக்குகளைக் கழற்றுங்கள். ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி சரியாகப் போகவில்லை. அந்த பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் பழுது. மூன்றுமே கரி படிந்து கறுத்திருந்தால்தான் கார்புரேட்டர் பேச்சு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் கம்ப்ரஷன் சோதனை அவசியம்.

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். இப்படியே அதிக நாள் ஓட்டாதீர்கள்.