தாத்தாவுக்கு எழுதிக் கொடுத்த ஊசி

அன்புள்ள கயல்விழிக்கு,

தாத்தாவின் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். சர்க்கரை மாத்திரைகளுக்குக் கீழே டாக்டர் எழுதியிருப்பது நியூமோகாக்கல் தடுப்பூசி. “இது குழந்தைகளுக்குப் போடுவதுதானே அத்தை, தாத்தாவுக்கு எதற்கு? காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் இருக்கிறதே” என்று கேட்டிருக்கிறாய். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவள் நீதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆன்டிபயாடிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1940களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு அப்போதே ஒரு தடுப்பூசி விற்பனைக்கு வந்திருந்தது. ஆனால் அது பெனிசிலின் வந்த புதிது. நோய் வந்தால் மருந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் அந்த ஊசியைச் சீண்டவில்லை. தயாரித்த நிறுவனமே அதை நிறுத்திவிட்டது. ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற மருத்துவர் மட்டும் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பெரிய மருத்துவமனையில் நிமோனியா நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறித்துவந்தார். 1964ல் அவரும் சக மருத்துவர் ஒருவரும் வெளியிட்ட கட்டுரை பலரை உலுக்கியது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டவர்களில், நோய் தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் இறந்தவர்களின் விகிதத்தைப் பெனிசிலின் ஏறக்குறைய மாற்றவே இல்லை. மருந்து கிருமியைக் கொல்லும். அதற்குள் நேர்ந்துவிட்ட சேதத்தை அதனால் சரிசெய்ய முடியாது. அந்த ஐந்து நாட்களை வெல்ல ஒரே வழி, நோய் வருவதற்கு முன்பே உடம்பைத் தயாராக வைத்திருப்பதுதான் என்று ஆஸ்ட்ரியன் விடாமல் வாதாடினார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடையே சோதித்துப் பார்த்த பிறகு, 1977ல் 14 வகைக் கிருமிகளுக்கான ஊசியும் 1983ல் 23 வகைக்கான ஊசியும் வந்தன.

நெஞ்சுநோய் வார்டில் வேலை பார்த்தவள் நான். அந்த ஐந்து நாட்களை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். திடீரென்று குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல், துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் சளி. இது இளையவர்களுக்கு. வயதானவர்களுக்குப் பல நேரம் காய்ச்சலே இருக்காது. “நேற்றிலிருந்து சாப்பிட மாட்டேங்கிறார், எங்கே இருக்கோம்னே தெரியாம பேசுறார்” என்று கூட்டிவருவார்கள். வயசாகிவிட்டது, அதனால் என்று வீட்டிலேயே ஒரு நாளைக் கழித்துவிட்டு வருவார்கள். தாத்தா அப்படி ஒரு நாள் பேசினால் நீ காத்திருக்காதே. அவர் மூச்சு வேகமாக இருக்கிறதா என்று பார், அன்றைக்கே கிளம்பு.

இந்தக் கிருமிக்கு ஏன் இத்தனை வகை என்றும் தெரிந்துகொள். அதைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான ஓர் உறை இருக்கிறது. நறுக்கிய வெண்டைக்காய் கையில் நழுவுவதுபோல, அந்த உறையால் கிருமி நம் வெள்ளணுக்களின் பிடியிலிருந்து நழுவிவிடும். உறைக்கு உறை வேறுபாடு உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட வகைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு வகைக்கான எதிர்ப்பு இன்னொரு வகைக்குப் பெரும்பாலும் உதவாது. அதனால்தான் ஊசிப் பெட்டியில் 10, 13, 20, 23 என்று எண்கள்.

எண் பெரிதாக இருந்தால் ஊசி உயர்ந்தது என்று மட்டும் நினைத்துவிடாதே. 23 வகை ஊசியில் இருப்பது வெறும் உறைப்பொருள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் உடம்பு அதைச் சரியாக அடையாளம் காணாது. பெரியவர்களிடமும் அதன் காப்பு ஆண்டுகள் போகப்போகக் குறையும். மற்றவற்றில் உறைப்பொருளை ஒரு புரதத்தோடு பிணைத்திருப்பார்கள். புரதம் சேர்ந்ததும் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. இதற்குமுன் எதுவும் போடாத பெரியவருக்கு 20 வகைப் பிணைப்பு ஊசி என்றால் ஒன்றே போதும். 13 அல்லது 15 வகை போட்டால், வழக்கமாக ஓராண்டு கழித்து 23 வகை போடுவார்கள். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு எட்டு வாரத்திலேயே போடுவதும் உண்டு. ஏற்கெனவே 23 போட்டிருந்தால், பிணைப்பு ஊசிக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

ஆகவே, கயல், முன்பு என்ன போட்டோம் என்பது தெரியாமல் அடுத்ததைத் தீர்மானிக்க முடியாது. வார்டில் “நிமோனியா ஊசி போட்டிருக்கீங்களா?” என்று கேட்டால், “ஏதோ போட்டாங்கம்மா” என்பார்கள். எது, எப்போது என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குழந்தைக்கு அட்டை கொடுக்கிறோம். பெரியவர்களுக்கு யாரும் கொடுப்பதில்லை. எனக்கு இது தீராத ஆற்றாமை. தாத்தாவுக்குப் போட்டதும் ஊசியின் பெயர், எண், தேதி மூன்றையும் சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை. காலிப் பெட்டியை ஒரு படமும் எடுத்துக்கொள்.

யாருக்கெல்லாம் வேண்டும்? 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயநோய், நாட்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள். பீடியை விட்டுவிட்டாலும் தாத்தா இதில் இரண்டு, மூன்று காரணங்களுக்குள் வருகிறார். மண்ணீரலை எடுக்க வேண்டியவர்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உறையுள்ள கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல்தான். அது இல்லாதவர் காலையில் காய்ச்சலோடு எழுந்து இரவுக்குள் உயிருக்குப் போராடும் நிலைக்கு வந்துவிடலாம். முன்கூட்டித் திட்டமிட்ட அறுவை என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி வைப்பதற்கு முன்பும் அப்படியே. அவர்களுக்கு மூளைக்காய்ச்சல் அபாயம் கூடுதல்.

ஊசி போட்டால் நிமோனியாவே வராது என்று தாத்தாவிடம் சொல்லிவிடாதே. வைரஸாலும் வரும், வேறு கிருமிகளாலும் வரும், காசநோயும் நெஞ்சைத் தாக்கும். நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 85,000 பேரிடம் 13 வகை ஊசியைச் சோதித்து 2015ல் முடிவு வெளியிட்டார்கள். அந்த வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ 45 சதவீதமும், இரத்தத்தில் பரவும் கடுமையான நோய் 75 சதவீதமும் குறைந்திருந்தன. உயிரைப் பறிக்கும் வடிவத்தைத்தான் அது அதிகம் தடுத்தது. எனக்கு அது போதும்.

பெரியவர்களுக்கு இது அரசின் வழக்கமான இலவசத் திட்டத்தில் இல்லை; விலையும் கையைக் கடிக்கும். மெடிக்கலில் வாங்கி வெயிலில் பையில் போட்டுக்கொண்டு அலையாதே. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது, உறைந்தாலும் கெட்டுவிடும். போடும் இடத்திலேயே வாங்குவது நல்லது. அன்று நல்ல காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடு. லேசான சளிக்குத் தள்ள வேண்டாம். தாத்தா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை நர்ஸிடம் சொல். முன்பு ஏதாவது தடுப்பூசிக்கு மூச்சுத்திணறல், உடல் வீக்கம் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கை வலிக்கும், சிவக்கும், ஒரு நாள் உடம்பு கணகணவென்று இருக்கலாம். உயிருள்ள கிருமி அதில் இல்லை. ஊசியால் நிமோனியா வராது. ஃப்ளூ ஊசியையும் அன்றே மற்றக் கையில் போட்டுக்கொள்ளலாம். ஃப்ளூவுக்கு ஆண்டுதோறும் போட வேண்டும்; இதற்கு அப்படி இல்லை.

குழந்தை ஊசிதானே என்றாயே, அதில் உண்மை இருக்கிறது. இந்தக் கிருமி பெரும்பாலும் குடியிருப்பது சிறுபிள்ளைகளின் மூக்குக்குள்தான். கொஞ்சும்போது தாத்தா பாட்டிக்குத் தொற்றுகிறது. குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய நாடுகளில் ஊசியே போடாத முதியவர்களிடமும் நோய் குறைந்தது. நம் நாட்டில் 2017ல் சில மாநிலங்களில் ஆரம்பித்து, 2021 முதல் தமிழ்நாடு உட்பட எல்லா இடங்களிலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள்: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். முதல் இரண்டையும் போட்டுவிட்டுக் கடைசியை மறப்பவர்கள் உண்டு. உன் அக்கா குழந்தையின் அட்டையைப் பார்த்து, ஒன்பதாம் மாதக் கட்டத்தில் தேதி எழுதியிருக்கிறதா என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அத்தை