கணிப்பொறியும் லீப் ஆண்டும்

“மழை வந்தால் குடை எடுத்துப் போ, இல்லையேல் வேண்டாம்” என்று அம்மா சொன்னால், வானம் இருண்டிருப்பதைக் கண்டதுமே நாம் குடையை எடுத்துக் கொள்வோம். கணிப்பொறி எடுக்காது. சொன்ன நிபந்தனை உண்மையா, பொய்யா என்று மட்டுமே அது பார்க்கும். பைத்தான் மொழியில் முதல் நிபந்தனையை ‘இஃப்’ என்றும், அது பொய்யானால் அடுத்துக் கேட்பதை ‘எலிஃப்’ என்றும், எதுவுமே பொருந்தாவிட்டால் செய்வதை ‘எல்ஸ்’ என்றும் எழுதுகிறோம்.

ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா என்று சொல்லும் நிரலை எழுதும்படி சிஸ்டர் ஒரு நாள் கூறினார்கள். நான்கால் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு, இல்லையேல் சாதாரண ஆண்டு என்று ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டுப் பெருமையுடன் கையை உயர்த்தினேன். சிஸ்டர் வந்து 1900 என்று தட்டினார்கள். ‘லீப் ஆண்டு’ என்றது திரை. சிஸ்டர் சிரித்தார்கள்.

பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாளும், கால் நாளுக்குச் சற்றுக் குறைந்த நேரமும் ஆகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டி முழுக் கால் நாளாகவே கணக்கிட்டதால் நாள்கள் பிசகின. 1582-இல் பாப்பரசர் 13-ஆம் கிரகோரியார் அதைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15! (அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் இறந்தது அந்த இரவில்தான்.) புது விதிப்படி 100-ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டன்று. ஆனால் 400-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டே. எனவே 1900 சாதாரண ஆண்டு, 2000 லீப் ஆண்டு.

விதி தெரிந்த பிறகும் தவறினேன்! 4-க்குரிய வரியை முதலிலேயே விட்டுவிட்டு, அதன் கீழே 100, 400 ஆகியவற்றை ‘எலிஃப்’ போட்டுச் சேர்த்தேன். 1900 மறுபடியும் லீப் ஆண்டு. எழுத்துப் பிழையோ என்று தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது. அன்றிரவு நிரலைத் தாளில் எழுதி, நானே கணிப்பொறியாகி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் போனேன். 1900 நான்கால் வகுபடுகிறது. முதல் வரியே உண்மை. ஒன்று உண்மையானதும் கீழேயுள்ள ‘எலிஃப்’ எதையும் கணிப்பொறி பார்ப்பதில்லை. என் 100 வரி அங்கே இருந்தும், அதுவரை யாரும் வரவே இல்லை!

வரிசையைத் தலைகீழாக்கினேன். முதலில் 400, அடுத்து 100, பிறகு 4, கடைசியில் ‘எல்ஸ்’. இப்போது 2000 முதல் வரியிலேயே நின்றுவிடும். 1900 அதைத் தாண்டி இரண்டாம் வரியில் பிடிபடும். 2024 மூன்றாவதில் நிற்கும்.

எனக்கு ஓர் ஆறுதலும் உண்டு. லோட்டஸ் 1-2-3 என்னும் புகழ்பெற்ற கணக்கு நிரலும் 1900-ஐ லீப் ஆண்டாகவே கொண்டது. அதனோடு ஒத்துப்போக, எக்செல்லும் 1900 பிப்ரவரி 29-ஐ ஏற்றுக் கொண்டது.

மறுநாள் சிஸ்டர் 2100 என்று தட்டினார்கள். ‘சாதாரண ஆண்டு’ என்றது திரை.