நிரல் திறந்திருக்கிறது... பார்ப்பது யார்?

உங்க கைபேசியை ஒரு நிமிடம் கையில் எடுங்கள். செட்டிங்ஸுக்குள் 'அபவுட் போன்', அதற்குள் 'லீகல் இன்ஃபர்மேஷன்' என்று போனால், 'ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்' அல்லது 'தேர்டு பார்ட்டி லைசென்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். அதைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும், விரல் வலிக்கும் வரை தள்ளிக்கொண்டே போகலாம். அத்தனையும் உங்கள் போனுக்குள் வேலை செய்யும் திறந்த மூல மென்பொருள்கள். ஆண்ட்ராய்டின் அடித்தளமே 1991-இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய லினக்ஸ்தான்.

இவற்றின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். "எல்லாரும் பாக்குறாங்க, அதனால பாதுகாப்பானது" என்பார்கள் சிலர். "யார் வேணும்னாலும் கை வைக்கலாம்னா எப்படி நம்புறது?" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டுமே பாதி சரி.

முதலில் கை வைப்பதைப் பார்ப்போம். திருத்தத்தை யாரும் அனுப்பலாம். ஆனால் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அந்த மென்பொருளின் பராமரிப்பாளர். லினக்ஸில் ஒவ்வொரு திருத்தமும் அனுப்பியவர் பெயரோடு, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வரும். "இந்த வரி எதுக்கு? பழைய மென்பொருள் இதனால நின்னுபோகுமா?" என்று கேள்விகள் வரும். மூன்று நான்கு முறை திருப்பி அனுப்பப்படுவதெல்லாம் சாதாரணம். எந்த வரியை யார், எப்போது, ஏன் எழுதினார் என்ற பதிவு அழியாமல் இருக்கும். தரம் வருவது இந்தப் பழக்கத்திலிருந்துதான்.

பழக்கம் தளர்ந்தால் என்ன ஆகும்? பிரவுசரில் பூட்டுக் குறி பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் பல இணையதளங்களில் வேலை செய்வது 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்ற மென்பொருள். "இணைப்பில் இருக்கிறாயா? இருந்தால் இந்த நாலெழுத்துச் சொல்லைத் திருப்பிச் சொல்" என்று ஒரு கணினி இன்னொன்றைக் கேட்கும் வசதி அதில் இருந்தது. நாலெழுத்தை அனுப்பிவிட்டு "இது அறுபதாயிரம் எழுத்து" என்று பொய் சொன்னால், எதிர்க் கணினி சரிபார்க்காமல் நம்பிவிடும். தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம்!

'ஹார்ட்பிளீட்' என்று பெயர் பெற்ற இந்தப் பிழை 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் வந்தது. கண்டுபிடித்து அறிவித்தது 2014 ஏப்ரலில். ஆண்ட்ராய்டு 4.1.1 பதிப்பையும் அது பாதித்தது. நிரல் இரண்டு வருஷமாகத் திறந்தேதான் கிடந்தது. ஒரு மூத்த உறுப்பினர் சரிபார்த்த பிறகுதான் சேர்த்தார்கள், அவர் கண்ணிலும் தப்பிவிட்டது. இத்தனைக்கும் உலகமே நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான். பிழை வெளியானதற்குப் பிறகே பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நிதி ஒதுக்கின.

அடுத்த கதை இன்னும் நூதனமானது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சின்ன மென்பொருளை நீண்ட காலமாக அநேகமாக ஒருவரே, சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார். 2021-இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். நல்ல திருத்தங்களையே அனுப்பினார். 2022-இல் வேறு சில பெயர்களில், "ஏன் இவ்வளவு தாமதம்? பொறுப்பை வேற யார்கிட்டயாவது கொடுங்க" என்று பராமரிப்பாளரை நச்சரிக்கத் தொடங்கினார்கள். மனநிலை சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லியும் விடவில்லை. கடைசியில் பொறுப்பின் ஒரு பகுதி ஜியா டான் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில், லினக்ஸ் சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு கொல்லைப்புறக் கதவு இருந்தது. அதன் முக்கியமான துண்டு, எல்லாரும் பார்க்கும் நிரல் கிடங்கில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் செருகப்பட்டிருந்தது.

கண்டுபிடித்தவர் மைக்ரோசாப்ட் ஊழியர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். பாஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை எழுதுபவர்களில் ஒருவர். தன் சோதனைக் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்தார். மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். சோதனைப் பதிப்புகளைத் தாண்டிப் பெருவாரியான சர்வர்களுக்குப் போகும் முன் தடுத்துவிட்டார்கள். வேறு யாராவது இருந்தால், அரை விநாடிதானே என்று விட்டிருப்பார்கள். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூடிய மென்பொருளாக இருந்தால், "மெதுவா இருக்கு" என்று கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் நமக்கு என்ன வேலை? ஒன்று, அப்டேட். திருத்தம் வெளியான அன்றே ஓட்டை எது என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளுவது, பூட்டு பழுதென்று தெரிந்தும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவது மாதிரி. செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். அது ஒரு வருஷத்துக்கும் முந்தையது, புதிதாக எதுவும் வரவுமில்லை என்றால், அந்தப் போனில் வங்கி வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று, நாம் எழுதும் புகார். "ஆப் வேலை செய்யல, வேஸ்ட்" என்று ஒரு ஸ்டார் போட்டால், எழுதியவருக்குக் கோபம் தீரும், பிழை அப்படியே இருக்கும். எந்தப் போன், எந்தப் பதிப்பு, எதைத் தட்டினீர்கள், என்ன வந்தது, மறுபடியும் வருகிறதா என்று எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஆதார் எண், போன் எண், ஓடிபி ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்: "ஆண்ட்ராய்டு 13. வைஃபையில் சரியாக வருகிறது. மொபைல் டேட்டாவில் சான்றிதழ் பிடிஎஃப் பாதியில் நிற்கிறது. மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அதே இடத்தில்."