பூனைக்குட்டியை வீட்டில் ஏற்கும் முறை

குடியானவர் வீட்டில் எலி தின்னும் தானியத்திற்குக் கணக்கு எழுதுவார் எவருமிலர். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய விதைக்கடலையை எலி கொறித்துவிட்டாலும், கடன் தொகை குறைவதில்லை, வட்டியும் நிற்பதில்லை. ஆகவே பூனை வளர்ப்பது வெறும் பொழுதுபோக்கன்று, குடும்பச் சிக்கனத்தைச் சேர்ந்த விஷயமே எனக் கருதி, என் வீட்டிற்கும் ஒரு குட்டி வேண்டுமெனத் தீர்மானித்தேன். அதனை ஏற்ற விதத்தில் நான் செய்த பிழையையே முதலில் கூறவேண்டும்.

அடுத்த வீட்டு வைக்கோற்படப்பில் ஒரு பூனை ஈன்றிருந்தது. என் மகள் ஆசைப்பட்டாளென்று, மூன்று வாரமே ஆன குட்டியொன்றை எடுத்து வந்தேன். பசும்பால் ஊட்டினோம். இரண்டாம் நாளே அதற்குக் கழிச்சல் கண்டு, தலை நிமிர்த்தவும் இயலாமல் கிடந்தது. குழந்தை அதன் அருகிலிருந்து எழுந்திருக்க மறுத்தாள். சகுனத்திற்கு அஞ்சிப் பூனையே வேண்டாமென்றிருந்த என் தாயார், “தாயிடமிருந்து பிரித்த பாவம் நமக்கு எதற்கு? கொண்டுபோய் விட்டுவிடப்பா” என்றார். அவ்விதமே செய்தோம். நல்ல வேளையாகத் தாய்ப்பூனை குட்டியை நக்கி ஏற்றுக்கொண்டது. மகள் ஐந்து வாரம் பொறுத்திருந்தாள். அதே குட்டிதான் இன்று எங்கள் வீட்டில் வளர்கிறது. இதனால் நாங்கள் கற்றவற்றையும், கால்நடை மருத்துவர் கூறியவற்றையும் வாசகர்களுக்குத் தெரிவிக்கிறேன்.

வயது: குட்டி பிறந்து ஏழு முதல் பத்து நாட்களில் கண் திறக்கும். நான்காம் வாரத்திற்குமேல் சிறிது சிறிதாகத் திட உணவு தின்னப் பழகும். எட்டு வாரம் நிரம்பும் முன்னர் தாயை விட்டுப் பிரிக்கலாகாது.

முதல் நாட்கள்: வீடு முழுவதையும் அதற்கு ஒரேயடியாகத் திறந்து விடலாகாது. ஓர் அறையில் பழைய சாக்கு, தண்ணீர்ச் சட்டி, மணல் பரப்பிய தட்டு ஆகிய மூன்றும் போதும். தண்ணீரும் மணலும் எதிரெதிர் மூலையில் இருக்கவேண்டும். குட்டி பெட்டியடியில் ஒளிந்தால் இழுத்தெடுக்கலாகாது. குழந்தைகள் தரையில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் அதுவே அச்சம் தெளிந்து அருகில் வரும். மணற்றட்டின் மலத்தை அன்றாடம் அகற்றவேண்டும். கர்ப்பிணிகள் அவ்வேலையைச் செய்யலாகாது. மலத்தின் வழியே பரவும் ஒருவகை நுண்கிருமி கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும்.

உணவு: பூனை மாமிசபட்சிணி. தயிர்ச்சோறு மட்டும் அளித்து அதனை ஆரோக்கியமாக வளர்க்க முடியாது. உப்பிடாது வேகவைத்த மீன், முட்டை, கோழியிறைச்சி ஆகியவை ஏற்றவை. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்குமாதலால் குழம்புச் சோறு ஆகாது. உப்பு மிகுந்த கருவாடும் நன்றன்று. மனிதருக்குரிய பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே போக்கிவிடும்.

எலியும் விஷமும்: மனிதனும் பூனையும் உறவு கொண்டது தானியத்தின் பொருட்டே என்பது அறிஞர் கருத்து. சைப்ரஸ் தீவில் மனிதன் ஒருவனுக்கு அருகே புதைக்கப்பட்டிருந்த, ஏறக்குறைய 9,500 ஆண்டுப் பழமையான பூனையின் எலும்புக்கூட்டைப் பற்றி 2004-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். ஆயினும் பூனையிடம் அளவுக்கு மிஞ்சி எதிர்பார்க்கலாகாது. அது சுண்டெலியை எளிதிற் பிடிக்கும். பெரிய எலியைப் பெரும்பாலும் விட்டுவிடும். நியூயார்க் நகரில் நடத்தி 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், பூனைகள் பெருத்த எலிகளைக் கொன்றது மிகச் சொற்பமே. எலிகள் பதுங்கி நடமாடியதே கண்ட பலன். ஆதலால் குலுக்கைக்கும் தகரப் பீப்பாய்க்கும் மூடி அவசியம். பூனையுள்ள வீட்டில் எலிப்பாஷாணம் வைக்கலாகாது. விஷமுண்ட எலியைத் தின்று பூனையும் மடியக்கூடும்.

தடுப்பூசி: மூன்று மாதம் நிரம்பியதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறும் காலத்தில் திரும்பப் போடவேண்டும். பூனை கடித்தாலோ, கீறி இரத்தம் வந்தாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சுண்ணாம்போ, மிளகாய்ப் பொடியோ, மஞ்சளோ அப்பிக் காலங்கடத்துவது பேராபத்து. வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது.

கருத்தடை: பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படக்கூடும், ஒன்பது வாரத்தில் ஈனும். வளர்க்க இயலாத குட்டிகளைச் சந்தையோரத்தில் விட்டுவிடுவதைக் காட்டிலும், மருத்துவரிடம் உரிய காலத்தில் கருத்தடை செய்விப்பதே தருமம்.

இவ்வாண்டு எங்கள் விதைக்கடலை பழுதின்றி இருக்கிறது. அதற்குத் தகர மூடியும் காரணம், பூனையும் காரணம். சகுனத்திற்கு அஞ்சிய என் தாயார், இப்பொழுது அதற்கு மீன் ஆய்ந்து வைத்த பிறகே உண்ண உட்காருகிறார். குட்டி கொணர விரும்பும் ஒவ்வொரு குடும்பத்தாரும், முதலில் அதன் வயதை விசாரித்து, வயது நிரம்பவில்லையாயின் சில வாரம் பொறுத்திருப்பார்களாக.