பாய்மரக் கப்பலும் துத்தநாகமும்

காஹாங்கில் கடல் இல்லை. எங்களுக்குக் கடல் என்றால் மெர்சிங்; பேருந்து ஏறித்தான் போக வேண்டும். செம்பனைகளுக்கிடையே தமிழ்ப்பள்ளியிலும், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த எனக்குப் பாய்மரக் கப்பல் மீது ஆசை வந்ததற்கு 'துனாஸ் சமுத்ரா'தான் காரணம்.

அரச மலேசியக் கடற்படையின் இந்தப் பயிற்சிக் கப்பல், இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரில் கட்டப்பட்டு 1989இல் சேவையில் சேர்ந்தது. 1988இல் பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு அன்பளிப்பாகத் தந்த 'யங் எண்டெவர்' இதன் உடன்பிறப்பு. இரண்டு பாய்மரங்கள் உண்டு. முன்மரத்தில் குறுக்குப் பாய்கள். பின்மரத்தில் நெடுக்குப் பாய்கள்.

இயந்திரம் இருக்கும்போது பாய் எதற்கு? காற்றைக் கணிக்கவும், பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரே கயிற்றை இழுக்கவும் பாய்க்கப்பல் பழக்குகிறது. அதைப் பராமரிப்பதும் பாடமே.

பாய்க்கப்பலுக்கு எதிரிகள் மூன்று. முதலாவது உராய்வு: கயிறு ஒரே இடத்தில் உரசி நைந்துபோகும், தினமும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டாவது வெயில்: பாயின் இழையையும் தையலையும் அது மக்கச் செய்யும். மூன்றாவது துரு: எஃகுப் பகுதிகளைச் சுரண்டி, அடிப்பூச்சு கொடுத்து, சாயம் பூச வேண்டும். நீருக்கடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். உப்புநீர் எஃகை அரிப்பதற்குப் பதிலாக அவற்றை அரிக்கும். கரைந்துபோன கட்டிகளை உலர்துறையில் மாற்றுவார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் தாத்தாவிடம் விளக்கினேன். அவர் எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். "சிங்க்" என்று சொல்லிவிட்டுத் தமிழ்ச் சொல் தெரியாமல் நின்றேன்.

"துத்தநாகம்டா! நம்ம தகர வாளிக்குப் பூசியிருப்பாங்களே, அதுதான். அது தேயுற வரைக்கும் இரும்பு பிழைக்கும்," என்றார்.

நான் புத்தகத்தில் படித்தது அவர் கையிலேயே இருந்தது. அன்று வெட்கப்பட்டேன்.

பராமரிப்பில் கவனக்குறைவு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு 'கட்டி சார்க்' சான்று. 1869இல் கடலில் இறங்கிய அந்தத் தேயிலைக் கப்பலும் பின்னாளில் பயிற்சிக் கப்பலாக இருந்தது. 2007இல் லண்டனில் புதுப்பிப்பின்போது தீப்பிடித்தது. அணைக்காமல் விட்ட ஒரு தூசி உறிஞ்சும் இயந்திரமே பெரும்பாலும் காரணம் என்றது விசாரணை. பலகைகளில் பலவற்றைக் கழற்றி வேறிடத்தில் வைத்திருந்ததால் கப்பல் பிழைத்தது. 2012இல் மீண்டும் திறக்கப்பட்டது.

தாத்தா இன்று இல்லை. அவர் வாயில் இருந்த தொழிற்சொற்களில் பாதியைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. தோழர்களே, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது பெரியவர்களிடம் ஒரு கருவியின் பெயரையாவது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துரு பிடித்த பிறகு சுரண்டுவதைவிட, பிடிக்கும் முன் பூசுவது எளிது.