கைப்பேசியும் கற்பனைக் கருவியும்

டிரைகார்டர் என்னும் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம் கல்லூரியில் சிலரே இருக்கக்கூடும். 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொடரில், விண்கலத்து வீரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்த சிறு பெட்டிதான் அது. புதிய கோளொன்றில் இறங்கியதும் அதைத் திறந்து நீட்டுவர். காற்று எத்தகையது, பாறையில் என்ன கனிமம், அருகில் உயிர் உண்டா என்பதையெல்லாம் அது நொடியில் சொல்லிவிடும். அதன் உருவத்தைச் செய்தளித்தவர் வா சாங் என்னும் சீன வம்சாவளிக் கலைஞர். படப்பிடிப்புக்காகச் செய்த பெட்டியாதலால் அது எதையும் அளந்ததில்லை; நடிகர்கள் அளப்பதுபோல் நடித்தார்கள், அவ்வளவே.

அந்தப் பெட்டி எதையும் அளக்காது. ஆனால் பார்ப்பதற்கு எல்லாம் அளப்பதுபோல் இருக்கும். நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியோ உண்மையிலேயே பலவற்றை அளக்கிறது. பார்ப்பதற்கு மட்டும் அப்படித் தோன்றுவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்று சென்ற கோடை விடுமுறையில் பைல் நாட்டிலுள்ள எங்கள் வீட்டில் இருந்தபோது எனக்குத் தோன்றியது. (கொல்லிமலையில் ஊராட்சிகளை ‘நாடு’ என்றே வழங்குவது மரபு, வேறு நாட்டிலிருந்து வந்தவனா என்று முதலாண்டில் கேட்ட நண்பர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.) அம்முயற்சியில் கற்ற இயற்பியலை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தோற்றம். ஆண்ட்ராய்டு வகைக் கைப்பேசிகளில் முகப்புத் திரையும் ஒரு செயலிதான். அதை ‘லாஞ்சர்’ என்பர். கைப்பேசியோடு வந்த லாஞ்சரை ஒதுக்கிவிட்டு வேறொன்றை அமர்த்திக்கொள்ளலாம். பின்னணிப் படம், படவுருக்கள், எழுத்துரு ஆகியவற்றையும் தனித்தனியே மாற்றலாம். நேரம், மின்கல இருப்பு போன்றவற்றை நாம் வரைந்த பட்டைகளிலேயே எழுதிக் காட்டும் ‘உயிருள்ள சுவர்ப்படம்’ செய்யவும் செயலிகள் உண்டு. இவையனைத்துக்கும் எனக்கு ஒரு காசு செலவில்லை.

வரைவதற்கு முன்மாதிரியாக நான் கொண்டது ‘எல்கார்ஸ்’ எனப்படும் திரை அமைப்பு. 1987-இல் தொடங்கிய அடுத்த தலைமுறை ஸ்டார் டிரெக் தொடருக்காக மைக்கேல் ஒகுடா என்பவர் அதை வடிவமைத்தார். கறுப்புப் பின்னணி, வளைந்த முனைகளையுடைய ஆரஞ்சு, ஊதாப் பட்டைகள், நெடிதுயர்ந்த மெல்லிய எழுத்துகள் என்பதே அதன் இலக்கணம். அக்காலத்தில் அத்தனை கணினித் திரைகளை வாங்கி அடுக்கப் பணம் போதாது. ஆகவே ஒளிபுகும் படலத்தில் அச்சிட்டுப் பின்னால் விளக்கெரித்து அவற்றைக் காட்டினார்கள். சிக்கனத்தில் பிறந்த அழகு என்று இதைச் சொல்லலாம்.

கறுப்புப் பின்னணியைப் பற்றி ஒரு சொல். இதனால் மின்சாரம் மிச்சமாகும் என்று பலரும் சொல்வர். ஓ.எல்.இ.டி. திரையானால் அது உண்மை. அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்புப் புள்ளி அணைந்தே இருக்கும். என்னுடையதைப் போன்ற மலிவான எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு அதை மறைக்குமேயன்றி அணைக்காது.

எனக்குப் பெரிய இடையூறாக வந்தது தமிழ்தான். பொத்தான்களின் பெயர்கள் தமிழில் இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். எல்கார்ஸின் எழுத்துகள் ஒல்லியானவை; நம் எழுத்துகளோ அகலமானவை. ‘முடுக்கமானி’, ‘காந்தப்புலம்’ என்று எழுதினால் பட்டையை விட்டு வெளியே வழிந்தன. எழுத்துருவைக் குறுக்கினால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோல் மங்கின. கடைசியில் சொற்களையே சுருக்கி ‘காந்தம்’, ‘ஒளி’, ‘ஒலி’, ‘அசைவு’, ‘உயரம்’ என வைத்தேன். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைத் தமிழ் பேசவைத்தார் சுஜாதா. என் பெட்டி ஐந்து சொல்லாவது தமிழில் பேசட்டுமே என்று எண்ணினேன்.

இனி உட்பொருளுக்கு வருவோம். அலங்காரம் முடிந்த அன்று என் தம்பி, “அண்ணா, இது நிசமாவே எதாச்சும் அளக்குமா?” என்று கேட்டான். சரியான கேள்வி! இதைப் பார்க்க வந்த பெரியவர்கள் ஒருவரும் கேட்காத கேள்வியும்கூட. சுவர்ப்படத்தில் நான் விரும்பிய எண்ணையெல்லாம் ஓடவிட்டிருக்கலாம். தொடர் எடுத்தவர்கள் செய்ததும் அதுதான். நான் அவ்வாறு செய்யவில்லை. ஜெர்மனியிலுள்ள ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலார் 2016-இல் வெளியிட்ட ‘பைஃபாக்ஸ்’ என்னும் இலவசச் செயலியை ஒவ்வொரு பொத்தானோடும் இணைத்தேன். கைப்பேசியின் உணரிகள் தரும் எண்களை அது அப்படியே வரைபடமாகக் காட்டும். நாமே சோதனைகளை எழுதிச் சேர்க்கவும் அதில் வழியுண்டு; ஆகவே உள்ளேயும் தமிழ்ப் பெயர்களையே இட முடிந்தது. வகுப்பறைச் சோதனைகளுக்கு இது மிகவும் ஏற்றது என்பதை நம் துறை ஆசிரியப் பெருமக்களின் கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

எங்கள் மலையில் எனக்கு மிகவும் பயன்பட்டது காந்த உணரி. புவியின் காந்தப்புலம் நம் பகுதியில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், இங்கே புலம் ஏறக்குறையத் தரைக்கு இணையாகவே கிடக்கிறது. கைப்பேசியைக் கட்டாந்தரையில் மல்லாத்திவைத்துப் பார்த்தால், செங்குத்துக் கூறு சிறிதாகவும் கிடைக்கூறு பெரிதாகவும் வருவதை எவரும் காணலாம். ஜெர்மனியில் இதே சோதனையைச் செய்தால் செங்குத்துக் கூறே பெரிதாயிருக்கும். பாடநூலில் ‘காந்தச் சரிவு’ என்று மனப்பாடம் செய்ததை நான் கண்ணால் கண்டது இங்கேதான்.

கொல்லிமலைத் தொகுதியில் காந்த இரும்புக்கல் படிவுகள் உண்டு. சேலத்துக் கஞ்சமலையோடு சேர்த்து இவற்றைக் கிங், ஃபூட் என்னும் புவியியலறிஞர் இருவர் 1860-களிலேயே பதிவு செய்துள்ளனர். அத்தகைய கருங்கல் ஒன்றின் அருகே கைப்பேசியைக் கொண்டுசென்றபோது எண் தாவி ஏறியது, விலக்கினால் இறங்கியது. ‘பாறையில் என்ன கனிமம்’ என்ற கேள்விக்கு இது முழு விடையாகாது. காந்தத்தன்மை உண்டு, இல்லை என்ற அளவில் ஒரு விடை. இதற்கும் முன்னெச்சரிக்கைகள் வேண்டும். காந்தப் பூட்டுள்ள உறையைக் கழற்றிவிட வேண்டும். கையை எட்டு வடிவில் சுழற்றி உணரியைச் சீர்செய்ய வேண்டும். இடுப்பில் கொடுவாள் செருகியவர் பக்கத்தில் நிற்கவும் கூடாது.

உயரம் பார்க்கக் காற்றழுத்த உணரி வேண்டும். விலை குறைந்த கைப்பேசிகளில் அது இராது, என்னுடையதிலும் இல்லை. செயற்கைக்கோள்வழி உயரமே எனக்குக் கிடைப்பது. கோபுர அலை எட்டாத பள்ளத்திலும் அது வேலை செய்யும் என்பது எங்களைப் போன்றோருக்கு ஒரு வசதி. ஆனால் மரச்செறிவில் அந்த எண் பல மீட்டர் தடுமாறும். அழுத்த உணரி இருந்தாலோ ஒரு மாடி ஏறுவதையும் காட்டிவிடும். ஏறத்தாழ 9 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் வீதம் குறையும். 1200 மீட்டர் உயரத்தில் அழுத்தம் சராசரியாக 877 ஹெக்டோபாஸ்கல். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழ்நாட்டுச் சமையல் கணக்கு எங்கள் அடுப்பில் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

காற்றின் வெப்பநிலையைப் பெரும்பாலான கைப்பேசிகளால் அளக்க முடியாது. 2013-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்-4-இல் வெப்பம், ஈரப்பதம் இரண்டுக்கும் உணரி வைத்திருந்தனர். அடுத்த மாதிரியில் எடுத்துவிட்டனர். கைப்பேசியின் சொந்தச் சூடே அந்த அளவைக் குழப்பும் என்பது சிந்தித்தால் விளங்கும்.

இனி, நான் வேண்டுமென்றே வெறுமையாக விட்ட ஒரு பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதையில் மருத்துவருக்கென்று ஒரு தனி டிரைகார்டர் உண்டு. நோயாளியின் மேல் காட்டினாலே நோய் தெரியும். எங்கள் ஊரில் என் பெட்டியின் புகழ் பரவியதும், அண்டை வீட்டு ஆயா வந்து திண்ணையில் அமர்ந்து, “சாமி, இதுல எனக்குப் பிரசரு எவ்வளவுன்னு பாரு. மாத்திரைய நிறுத்திப்புடலாமான்னு தெரியணும்” என்றார். அந்த வாக்கியத்தின் பிற்பகுதி என்னைத் திடுக்கிட வைத்தது.

2014-இல் ‘இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்’ என்றொரு செயலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. காமிராவின் மேல் விரலை வைத்து, கைப்பேசியை மார்பில் அணைத்தால் இரத்த அழுத்தம் தெரியும் என்றனர். ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழ் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், உயர் அழுத்தம் உடையவர்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வருக்கு அச்செயலி ‘சரியாக உள்ளது’ என்று காட்டியமை தெரியவந்தது. அவ்வாண்டே அமெரிக்க வணிக ஆணையம் அந்நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது.

காமிராவில் விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணுவது வேறு. ஒவ்வொரு துடிப்பிலும் விரலில் குருதி நிறைந்து வடிவதால் ஒளியின் அளவு ஏறி இறங்கும், அதை எண்ணலாம். அழுத்தத்தை அறியவோ கையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்க வேண்டும். உண்மையான மருத்துவ டிரைகார்டர் செய்வோருக்கென 2012-இல் குவால்காம் எக்ஸ்பிரைஸ் என்னும் ஒரு கோடி டாலர் போட்டி தொடங்கியது. 2017-இல் முதலிடம் பெற்ற அமெரிக்கக் குழுவும் 26 இலட்சம் டாலர்தான் பெற்றது; குறித்த இலக்கு முழுவதையும் ஒருவரும் எட்டவில்லை. அவர்களது கருவியும் கைப்பேசி மட்டுமன்று. உடலில் பொருத்தும் தனி உணரிகள் பலவற்றைக் கொண்டது.

இதையெல்லாம் ஆயாவிடம் விளக்கவில்லை. “ஆயா, இது கல்லைப் பாக்கற பொட்டி, மனுசரைப் பாக்காது” என்றேன். மாத்திரையை விட வேண்டாம் என்றும் சொல்லி, மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வண்டியில் அழைத்துச் சென்றேன். அங்கே செவிலியர் பட்டை கட்டி அளந்து, அழுத்தம் இன்னும் மிகுதியாகவே உள்ளது என்று மாத்திரையைத் தொடரச் சொன்னார். திரும்பும் வழியில் ஆயா என் பெட்டியை வாங்கிப் பார்த்து, “பாக்க நல்லாத்தான் இருக்குது” என்றார்.

இதைச் செய்து பார்க்க விரும்பும் நண்பர்கள், முகப்பை மாற்றும் செயலிகளைக் கடைக்கு வெளியிலிருந்து இறக்க வேண்டாம். அழைப்பு, குறுஞ்செய்தி ஆகியவற்றைப் படிக்க அனுமதி கேட்கும் சுவர்ப்படம் எதுவாயினும் நீக்கிவிடுங்கள். படம் காட்டுவதற்கு அவ்வனுமதி தேவையில்லை. ஆண்ட்ராய்டில் ‘டிரைகார்டர்’ என்ற பெயரிலேயே வெளிவந்த ஒரு செயலி, உரிமையாளரான சி.பி.எஸ். நிறுவனத்தின் ஆட்சேபத்தால் 2011-இல் கடையிலிருந்து நீங்கிற்று. சொந்தப் பயனுக்கு வரைந்துகொள்வதோடு நிறுத்துவது நலம்.

காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் நின்று அழுத்தம் குறித்து ஒரு வரைபடம் போட எண்ணியிருக்கிறேன். காற்றழுத்த உணரியுள்ள கைப்பேசி வைத்திருப்பவர் எவரேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன்வரச் சம்மதித்தால், இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் என்னைக் காணலாம். மதிய உணவு எங்கள் வீட்டில்.